தலைச்சன் பிறந்த வீடு

சோணையம்மாள் காய்ச்சிய பருத்திப்பாலுக்கு மதுரையில் நல்ல பேர் இருந்தது. அதைக் குடிக்க வந்தவர்களுக்கு அவள் சொன்ன கதைகளுக்கு அதைவிடப் பெரிய பேர்.

தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தின் கடைசி வீட்டில் அவள் குடியிருந்தாள். விடியும்போதே ஊறிய பருத்திவிதையை ஆட்டுரலில் போட்டு ஆட்டத் தொடங்கிவிடுவாள். அந்தக் கடகடப்பைக் கேட்டுத்தான் கோயில் யானை கண் விழிக்கிறது என்று சந்தில் சொல்லிக்கொள்வார்கள்; யானையைப் போய்க் கேட்டவர் யாருமில்லை. பாலைப் பிழிந்து, அரிசிமாவு கரைத்து, கருப்பட்டியும் சுக்கும் தட்டிப் போட்டு இறக்கினால் அந்த வாசம் சும்மா இராது. நெஞ்சில் சளி கட்டிப் படுத்திருப்பவனைக் கையைப் பிடித்து எழுப்பி, வேட்டியை ஒழுங்காகக் கட்டவைத்து, அவள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும்.

ஆள் நல்ல உயரம். காதில் கனத்த தண்டட்டி. பேசும்போது அது முன்னும் பின்னும் ஊஞ்சலாடும். பொய் சொல்லும்போது மட்டும் ஆடாது. பொய்யைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டுமே என்று தலையை அப்படி நிறுத்தி வைத்துக்கொள்வாள், நிறைகுடம் சுமப்பவளைப்போல. இந்தச் சூட்சுமம் அவள் புருஷன் காசிமாயனுக்கு மட்டும் தெரியும். அவர் மில்லில் வேலை பார்த்தார். ஒரு வீட்டில் பேசுவதற்கு ஓர் ஆள் போதும் என்று தாலி கட்டிய அன்றைக்கே முடிவு செய்துவிட்டவர். அதனால் அந்தச் சூட்சுமம் வெளியே போகவில்லை.

அந்த வீடு ஒரு காலத்தில் சொக்கநாதனின் தகப்பனாருடையது. காற்றுக்கு அணையாத விளக்கைக் கண்டுபிடித்த சொக்கநாதன் என்றால் அந்நாளில் ரங்கூனிலிருந்து கராச்சி வரைக்கும் தெரியும். ரயில் கார்டு கையில் அந்த விளக்கு, தோணிக்காரன் கொம்பில் அந்த விளக்கு, வைக்கோல் வண்டியின் அச்சுக்கு அடியில் ஆடிக்கொண்டு போவதும் அதே விளக்கு. அவர் சிறு பையனாக இருந்தபோதே குடும்பம் ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டது. வீடு கைமாறி, கடைசியில் ஷேக் தாவூது ராவுத்தருக்கு வந்தது. ராவுத்தர் ஜவுளி வியாபாரி, இளகிய மனசுக்காரர். அவரிடம்தான் சோணையம்மாள் குடக்கூலிக்கு இருந்தாள்.

சொக்கநாதனை அவள் கண்ணால் கண்டதில்லை. அதனால் அவரைப் பற்றிப் பேசுவதில் அவளுக்கு எந்தத் தடங்கலும் இருக்கவில்லை.

ரங்கூனில் அவர் காலமானார் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் அப்பா பேரும் இந்தச் சந்தின் பேரும் அதில் இருந்தன. வீட்டைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் சும்மா போவார்களா, ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தார்கள். முதலில் வந்தவர்களிடம், அவுக இருந்த வீடு இதுதான் என்று உள்ளதைச் சொன்னாள். தண்டட்டி ஆடியது. ஆனால் கேட்டவர்கள் ‘அப்படியா’ என்று டம்ளரை வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். உண்மைக்கு ருசி கொஞ்சம் கம்மிதான் என்று சோணையம்மாளுக்குப் பட்டது. கருப்பட்டியைக் கூட்டினாள்.

அவர் பிறந்ததே இங்கேதான் என்றாள். எந்த இடத்தில் என்று ஒருவர் கேட்டார். கூடத்தின் வடகிழக்கு மூலையைக் காட்டினாள். அதற்குப் பிறகு மூலை மூலையாக இருக்கவில்லை. தலைச்சன் பிள்ளை, வெளியே இடியும் மழையும், வீட்டில் எல்லா விளக்கும் அவிந்துவிட்டது, மாடத்தில் ஒரே ஒரு அகல் மட்டும் எரிகிறது. பிறந்த பிள்ளை அழாமல் அதையே உற்றுப் பார்த்தது, பார்த்துவிட்டுச் சிரித்தது. இவ்வளவும் தண்டட்டி ஒரு நூல் அசையாமல் வந்தது. விட்டத்தில் ஒரு கொக்கி இருந்தது. மகள் பேச்சி கைக்குழந்தையாக இருந்தபோது காசிமாயன் தொட்டில் கட்ட அடித்தது. அது சொக்கநாதன் தொட்டில் கொக்கி ஆயிற்று. அடுப்படிச் சுவரில் பருத்திப்பால் காய்ச்சிக் காய்ச்சிப் படிந்த கரி இருந்தது. அது அவர் முதன்முதலில் விளக்குச் செய்து பார்த்தபோது பிடித்த புகை ஆயிற்று. ஆட்டுரலை மட்டும் அவள் விட்டுவைத்தாள். பிழைப்புக்கு ஒன்றாவது தன்னுடையதாக இருக்கட்டுமே என்றுதான்.

சொல்லிச் சொல்லி அவளுக்கே அது நடந்ததுபோல ஆகிவிட்டது. அந்த மூலையைக் கடக்கும்போது முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.

முப்பத்தாறாம் வருஷம் மாசி வீதிப் பெரியமனிதர்கள் ஒரு சபை கூட்டினார்கள். சொக்கநாதன் பிறந்த வீட்டை அந்தக் காலத்தில் இருந்தபடியே புதுப்பித்து, அவர் குடும்பத்துச் சாமான்களைத் தேடி வைத்து, ஊர் பார்க்க ஒரு நினைவில்லம் ஆக்குவது என்று தீர்மானம். தலைவர் ஹாலாஸ்யம் வக்கீல். கோர்ட்டில் எதிராளியைக் குறுக்குக் கேள்வியால் குடைந்தெடுப்பவர். ஆனால் சோணையம்மாளின் கதையைக் கேட்டபோது கையில் பருத்திப்பால் இருந்தபடியால் குறுக்குக் கேள்வி எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. அகல் விளக்கைப் பார்த்துப் பிள்ளை சிரித்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சபைக்காரர்கள் கரிச்சுவருக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். மூலையை யாரும் மிதிக்கக்கூடாது என்று சிவப்புப் பட்டுக்கயிறு கட்டி மறித்தார்கள். கல்தச்சனிடம் ஒரு கல்வெட்டுக்கும் சொல்லிவிட்டார்கள்: ‘விளக்கு மேதை சொக்கநாதன் தம் பெற்றோருக்குத் தலைமகனாக இவ்வீட்டில் பிறந்தார்.’

சோணையம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுக்கயிற்றைத் தாண்டிப் போகிற சிரமத்தைக்கூடப் பெருமையாகவே தாங்கிக்கொண்டாள்.

அப்புறம்தான் ராவுத்தர் வந்தார். ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, சபைக்கு வீட்டை இனாமாகவே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அப்பேர்ப்பட்ட பிள்ளை பிறந்த இடத்தில் குடக்கூலி வாங்கிக்கொண்டிருந்தால் தனக்கு அடுக்காது என்றார். அவளுக்கு விளாங்குடிப் பக்கம் வேறு வீடு பார்க்கச் சொல்லியிருப்பதாகவும், கல் நாட்டுகிற நாளுக்குள் இதைக் காலி செய்தால் போதும் என்றும் சொன்னார்.

சோணையம்மாள் கையிலிருந்த அகப்பை நின்றுவிட்டது. பேச்சி ஆனையூரில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிரசவம். வளைகாப்பு முடித்து அடுத்த வாரம் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரவேண்டும். தாய்வீடு என்று ஒன்று இருந்தால்தானே அழைத்துவர முடியும். சோணையம்மாளுக்கு வேறு பிள்ளை கிடையாது; அண்ணன் தம்பியும் கிடையாது. சம்பந்தி ரெங்கம்மாள் வேறு இருக்கிறாள். சீர்வரிசையில் ஒரு குத்துவிளக்கின் திரி கோணலாக இருந்ததை இரண்டு வருஷமாக விடாமல் சொல்லிக்கொண்டிருப்பவள். தலைப்பிரசவத்தை மாமியார் வீட்டிலேயே பார்க்கும்படி ஆனால் அந்தப் பேச்சு பேரன் கல்யாணம் வரைக்கும் நீளும்.

வீடு தேடிப் பார்த்தாள். பிரசவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? புதுக்குடி வந்ததும் வராததுமாக வீடு தீட்டாகிவிடும் என்று விளாங்குடியில் கதவு கதவாகச் சாத்தினார்கள். பிள்ளை பிறந்து மூன்று மாசம் போகட்டும், அப்புறம் வா என்றார்கள். அப்புறம் வருவதற்கு அவளுக்கு என்ன வேலை?

மனசைக் கல்லாக்கிக்கொண்டு ராவுத்தர் கடைக்குப் போனாள்.

“அண்ணே, அந்த மூலையைப் பத்தி நான் சொன்னது...” என்று ஆரம்பித்தாள்.

ராவுத்தர் கையமர்த்தினார். “சொல்லாத தங்கச்சி. அந்தப் புள்ள அகலைப் பாத்துச் சிரிச்சிச்சுன்னு சொன்னியே, நேத்துக்கூட வீட்டுல பக்ருன்னிசாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரும் அழுதுட்டோம். அந்தக் கதை மட்டும் இல்லேன்னா எனக்குக் குடுக்க மனசு வந்திருக்குமா?”

சோணையம்மாள் கடைப்படியை விட்டு இறங்கினாள். அழுதுமுடித்தவர்களிடம் போய்க் கண்ணீரைத் திருப்பிக் கேட்பது எப்படி? வீட்டுக்கு வந்து காசிமாயனிடம் புலம்பினாள். அவர் முழுசையும் கேட்டுக்கொண்டார். “நல்லாத்தான் சொல்லியிருக்கே” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் கதைக்கு அவர் சொன்ன ஒரே அபிப்பிராயம் அதுதான். அது இப்படியொரு நாளிலா வரவேண்டும்?

பேச்சியை ஆனையூரிலேயே விட்டுவைக்கவும் முடியவில்லை, அழைத்துவரவும் முடியவில்லை. உடம்புக்குச் சுகமில்லை, வண்டி கிடைக்கவில்லை, நாள் சரியில்லை என்று சோணையம்மாள் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தாள். ரெங்கம்மாள் பொய்யை மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரி. கல் நாட்டுகிற நாளன்று காலையில், சந்துமுனையில் வந்து நின்ற மாட்டுவண்டியிலிருந்து அவளே இறங்கினாள். பின்னாலேயே வயிறும் தானுமாகப் பேச்சி இறங்கினாள்.

சந்து நிறைய ஆள். வாழைமரம் கட்டியிருந்தது. கைவண்டியில் மாலை போட்ட கல்வெட்டு. வக்கீல் சரிகை அங்கவஸ்திரத்தோடு நின்றார். ராவுத்தர் அத்தர் மணக்க நின்றார். வாசலில் சோணையம்மாளின் சட்டியும் பானையும் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. ஆட்டுரல் மட்டும் அசைக்கமுடியாமல் உள்ளேயே இருந்தது.

ரெங்கம்மாள் மூட்டையைப் பார்த்தாள். சம்பந்தியைப் பார்த்தாள்.

“என்ன மதினி, புள்ளைப்பேறுக்கு மகளைக் கூப்பிடுறேன்னு சொல்லிட்டு நீங்க குடி கிளம்பிட்டீகளா?”

சோணையம்மாளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. வக்கீல்தான் இடையில் புகுந்தார். கோபப்படக்கூடாது, இது சாதாரண வீடு இல்லை, உலகப்புகழ் பெற்ற ஒரு மேதை பிறந்த இடம், ஊர்ப்பொதுவுக்காக அந்த அம்மாள் ஒதுங்கிக்கொள்கிறாள் என்று விளக்கினார். தம் பேச்சு தமக்கே பிடித்துப்போய், கல்வெட்டையும் இரைந்து படித்துக் காட்டினார்.

ரெங்கம்மாள் இடுப்பில் கைவைத்தாள். அவளுக்கு மேதையும் தெரியாது, விளக்கும் தெரியாது. அவளுக்கு இருந்ததெல்லாம் தன் சண்டை ஒன்றுதான். தலைப்பிரசவத்துக்கு ஒரு பெண்ணுக்குத் தாய்வீட்டை இல்லாமல் பண்ணுகிறவர்கள் விளங்குவார்களா என்று ஊரைக் கூட்டினாள். பிறகு கல்லைக் கைநீட்டிக் காட்டி, பழித்துக்கொண்டே கேட்டாள்.

“ஏய்யா, தலைச்சன்னு எழுதிப் போட்டிருக்கீகளே. அப்பன் வீட்டுலயா பெத்தாக? அவுக ஆத்தாளுக்கும் என் மருமக மாதிரி தாய்வீடு இல்லாமப் போச்சாக்கும்?”

சண்டைக்குத்தான் சொன்னாள். ஆனால் சந்தில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆண்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. பிள்ளை பிறந்தது என்றால் அவர்களுக்குச் சேதி வந்த இடம்தான் தெரியும். பிறந்த இடம் எங்கே தெரியும்? வக்கீல் தாம் எங்கே பிறந்தோம் என்று யோசித்தார். சோழவந்தான், அம்மாவைப் பெற்ற பாட்டி வீடு. பக்கத்தில் நின்ற சபைக்காரரும் யோசித்தார். மேலூர், தாத்தா வீடு. மாசி வீதியில் அத்தனை பெரிய மனிதர்கள் நின்றார்கள், மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்களில் ஒருவர்கூட அப்பா வீட்டில் பிறந்தவர் இல்லை.

“பத்திரிகையில் இந்தச் சந்துன்னு போட்டிருந்தானே” என்றார் வக்கீல். குரல் அவ்வளவு திடமாக இல்லை.

“அது அப்பன் விலாசம் வக்கீலய்யா” என்று கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள்.

எல்லார் கண்ணும் சோணையம்மாள்மேல் திரும்பின. அகலும், இடியும் மழையும், சிரித்த பிள்ளையும் அவள் கொடுத்ததல்லவா. ராவுத்தர் முகம் வாடத் தொடங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பிவந்தது. ஒரு மனிதர் ஆசையாய் அழுத அழுகை வீண்போகக்கூடாது. மகளுக்கு வீடும் வேண்டும். தலையை நேரே நிமிர்த்தினாள். தண்டட்டி அசையாமல் நின்றது. காசிமாயன் அதைக் கண்டு மெல்ல இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

“மதினி கேட்டது நியாயந்தானே?” என்றாள் சோணையம்மாள். “இந்த மூலையில தொட்டில் கட்டுனாகன்னு நான் சொன்னேன். தொட்டில் கட்டுன இடத்துலயேவா பெத்தாக? தாய்வீட்டுல பெத்து, மூணாம் மாசம் ஆரத்தி எடுத்து இந்த வாசல்ல ஏத்துனாக. அகலைப் பாத்துச் சிரிச்சது அப்பத்தான். பின்னே, பெறந்த அன்னைக்கே எந்தப் புள்ள சிரிக்கும்? நீங்க கேட்ட அவசரத்துல ரெண்டையும் ஒண்ணாச் சேத்துப்புட்டீக. நானும் பெரிய மனுசங்களை எப்படி மறிச்சுச் சொல்றதுன்னு இருந்துட்டேன்.”

பிறந்த அன்றே பிள்ளை சிரிக்காது என்பது பெற்றவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வக்கீல் தலையாட்டினார். குற்றம் தம்முடையது என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. ராவுத்தர் முகம் மலர்ந்தது. மூன்று மாசக் குழந்தை சிரிப்பது இன்னும் அழகு என்றார்.

தாய்வீடு எங்கே என்று விசாரிக்க நெடுநேரம் ஆகவில்லை. கோச்சடையில், வைகைக்கரையை ஒட்டி. சொக்கநாதனின் தாய்மாமன் மகன் நல்லகாமன் அங்கே இருந்தார். வாழைமரத்தை அவிழ்த்துக் கல்லுக்கு மேலேயே போட்டுக்கொண்டு, கைவண்டி அப்படியே கோச்சடைக்குப் புறப்பட்டது. கூட்டமும் பின்னாலேயே நடந்தது. கல்லில் ஓரெழுத்தும் மாற்றவேண்டி வரவில்லை. ‘இவ்வீட்டில்’ என்றுதானே இருந்தது. எந்த வீட்டு வாசலில் நட்டாலும் அது இவ்வீடுதான்.

நல்லகாமன் வீட்டில் பாதிக்கூரை சரிந்து, மீதிக்கு அடியில் ஆடுகள் கட்டியிருந்தன. ஊரே மாலையோடு வருவதைப் பார்த்து மனிதர் முதலில் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடப்பார்த்தார். விஷயம் தெரிந்ததும் நின்றார். ஆமாம், எங்கள் அத்தை இங்கேதான் பெற்றாள், அன்றைக்கு வெந்நீர் போட்டதே என் ஆத்தாதான் என்றார். கண் பூத்துப்போயிருந்த அவர் தாயாரும் உள்ளிருந்து அதையே சொன்னாள். புள்ள கறுப்பு, ஓயாமல் அழுதது, மூன்று நாளைக்கு யாரும் தூங்கவில்லை என்று கூடுதலாகவும் சொன்னாள். அதைக் கல்வெட்டில் சேர்க்கவேண்டாம் என்று வக்கீல் முடிவு செய்தார். தம் கூரையை ஊரார் செலவில் மேய்ந்து, சுவருக்குச் சுண்ணாம்பும் அடிக்கப்போகிறார்கள் என்றதும் நல்லகாமனுக்கு வந்த சொக்கநாத பக்தியைச் சொல்லி முடியாது. ஆடுகளை அன்றைக்கே தோட்டத்துக்கு மாற்றினார்.

புதுப்பித்து முடித்ததும் சோணையம்மாள் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஓடு மாற்றி, நிலைக்கதவு இழைத்து, சொக்கநாதனின் அம்மா புழங்கிய வெண்கலப்பானையைத் தேடிப்பிடித்து வைத்திருந்தார்கள். வீடு லட்சணமாகத்தான் இருந்தது. வருகிறவர்களுக்கு நல்லகாமன் அவிழ்த்துவிடும் கதைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வைகை அந்த வருஷம் பிள்ளையைப் பார்க்க வாசல்வரை வந்ததாம். “ஆறு வந்தா விளக்கு அவியும்லண்ணே. கதைக்குக் கொஞ்சமாச்சும் பொருத்தம் வேணாமா” என்று அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தாள்.

மாசி வீதி வீடு ராவுத்தருக்கே திரும்பியது. விளக்கு மேதை தொட்டிலில் ஆடிய வீடு என்று அவர் அதைத் தம் கையில் வைத்துக்கொண்டதோடு, அதில் குடியிருக்கச் சோணையம்மாளைத் தவிர வேறு யாருக்கும் தகுதியில்லை என்றும் சொல்லிவிட்டார். கல் நாட்டுவிழாவன்றே மூட்டைகள் உள்ளே போயின. பேச்சி அன்றைக்கு ஆனையூர் திரும்பவில்லை. ரெங்கம்மாள் ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்தாள். சுக்கு கொஞ்சம் தூக்கல் என்றாள். இன்னொரு டம்ளர் கேட்டாள். குத்துவிளக்கின் கோணல் திரியைப் பற்றி அவள் அதற்குப் பிறகு பேசவில்லை என்று சொன்னால் அது பொய், ஆனால் குறைத்துக்கொண்டாள்.

வைகாசியில் ஒரு மத்தியானம் பேச்சிக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்து கூடத்தை நோட்டம் விட்டாள். காற்று வராத இடம், வெளிச்சமும் இருக்கிற இடம் எது என்று பார்த்து, வடகிழக்கு மூலையைக் காட்டினாள். சோணையம்மாள் அந்தச் சிவப்புப் பட்டுக்கயிற்றைத் தானே அவிழ்த்தாள். பொழுது சாயுமுன் பெண் குழந்தை பிறந்தது. சந்தின் கோடிவரை கேட்கும்படி அழுதது. விளக்கு, சுவர், கொக்கி எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அழுக்கில்லாத நல்ல கயிறு வேறு கிடைக்காததால், பதினாறாம் நாள் காசிமாயன் அந்தப் பட்டுக்கயிற்றையே கொக்கியில் மாட்டித் தொட்டில் கட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் கரி அப்படியே இருந்தது. சட்டத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துத் திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒருவர் வாசலில் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். சபையின் சங்கதி அவர் காதுவரை வந்திருந்தது. அவளைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கும் எண்ணம் அவருக்கு.

“ஏத்தா, அந்த மூலையிலதான் பிறந்ததுன்னு முன்னே சொல்லுவியாமே. இப்பவும் சொல்லுவியா?”

“ஆமாய்யா. அந்த மூலையிலதான் பிறந்துச்சு” என்றாள் சோணையம்மாள். தண்டட்டி இரண்டும் முன்னும் பின்னும் ஊஞ்சலாடின.

திண்டுக்கல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். இப்படி ஒரு பொய்க்காரியை எங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை என்றார். டம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.